ரவுட்டரிலேயே செக்யூரிட்டி இருந்தால் ஆன்டிவைரஸ் தேவையா?

அனுப்பர்பாளையம்_தறி:
வணக்கமுங்க. மேலே வீடு, கீழே இரண்டு எம்பிராய்டரி மெஷின். ஃபைபர் லைன் மாற்ற வந்த தம்பி, புது ரவுட்டரில் செக்யூரிட்டி வசதி இருக்கிறது, மாசா மாசம் கொஞ்சம் கட்டினால் வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் அதுவே காவல் என்கிறார். பில், ஜிஎஸ்டிக்கு ஒரு லேப்டாப், மெஷின் டிசைனுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், டிவி, கேமராக்கள், ஆளுக்கொரு போன். ஆன்டிவைரஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. விட்டுவிடலாமா?

பொள்ளாச்சி_இளநீர்:
தாராளமாக விடலாம். எங்கள் வீட்டில் ரவுட்டர் மட்டும்தான், ஒரு தொந்தரவும் இல்லை.

கோபி_சர்வீஸ்:
தொந்தரவு இல்லையா, தெரியவில்லையா என்பது வேறு கேள்வி. அதை விடுங்கள்.

அண்ணா, ரவுட்டருக்குத் தெரிவது லைனில் போய் வருவது மட்டும்தான். அதுவும் முழுசாகத் தெரியாது. இப்போது பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ், அதாவது போய் வருவதைப் பூட்டி அனுப்பும் முறை. உள்ளே வருவது என்ன ஃபைல் என்று ரவுட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்று பார்த்து, கெட்ட பட்டியலில் இருந்தால் தடுக்கும். நேற்று முளைத்த போலித் தளம் அந்தப் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது.

உங்கள் தொழிலுக்குப் பெரிய வில்லன் பென் டிரைவ். பஞ்சிங் போடுபவர் (டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றித் தருபவர்) டிஎஸ்டி என்ற அந்த ஃபைலை அதில்தானே தருகிறார்? அது எத்தனை யூனிட் சுற்றி வருகிறதோ! கடைக்கு அப்படி வந்த ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டியாக ஓர் அம்புக்குறி. ஷார்ட்கட் வைரஸ். நிஜ ஃபோல்டரை ஒளித்துவிட்டு அதே பெயரில் உட்கார்ந்திருக்கும். அமுக்கினால் வைரஸும் ஓடும், டிசைனும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இதில் ரவுட்டர் எங்கே வந்தது? 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ்கூட யூஎஸ்பி வழியாகப் பரவியதுதான்.

போனும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டு தாண்டினால் மொபைல் டேட்டா. வீட்டு ரவுட்டருக்கு அங்கே வேலையில்லை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல் அது) யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

அதற்காகக் காசு கட்டி ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கச் சொல்லவில்லை. லேப்டாப் விண்டோஸ் 11 என்றால் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, வீட்டுக்கு அது போதும். முடிந்துபோனதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், சும்மா கிடந்தால் டிஃபெண்டருக்குத்தான் இடைஞ்சல்.

ரவுட்டர் உதவுவது டிவிக்கும் கேமராவுக்கும். அவற்றில் ஆன்டிவைரஸ் போட வழியில்லை. 2016-ல் மிராய் என்ற வைரஸ் பிடித்தது பெரும்பாலும் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், ரவுட்டர்கள்தான். டிவி, கேமரா இரண்டையும் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபை) தள்ளுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். கெட்ட முகவரியைத் தடுக்க ரவுட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் (தளத்தின் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 9.9.9.9 போட்டாலே போதும், இலவசம். மாதக் கட்டணமெல்லாம் எதற்கு?

கரூர்_பெட்ஷீட்:
ரவுட்டரையே பிடித்துவிடுகிறார்களே. 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் 5 லட்சம் ரவுட்டர்களுக்கு மேல் பிடித்தது. அப்டேட் வந்தால் போடுங்கள்.

அனுப்பர்பாளையம்_தறி:
லேப்டாப் 11-தான். டிசைன் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. டாங்கிள் (சாவி மாதிரி ஒரு யூஎஸ்பி) சொருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும், புது விண்டோஸில் ஓடாது. அதை என்ன செய்ய?

கோபி_சர்வீஸ்:
7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள் அண்ணா, டிசைன் போட நெட் எதற்கு? பென் டிரைவ் வந்தால் முதலில் லேப்டாப்பில் சொருகி, எதையும் திறக்காமல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் டிஎஸ்டியை மட்டும் உங்கள் சொந்த பென் டிரைவுக்கு மாற்றி எடுத்துப் போங்கள். வெளியார் பென் டிரைவ் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. ஆப்பரேட்டரிடமும் சொல்லிவிடுங்கள், நைட் ஷிஃப்டில் அவர்தானே சொருகுகிறார்.