கட்டைவிரல் மூட்டில் அறுவை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பல வருடமாகிறது. இப்போது வலது கட்டைவிரலின் நடு மூட்டு உள்ளே மடங்கி, நுனி மூட்டு பின்பக்கமாக வளைந்து நிற்கிறது. சாவியைத் திருப்ப முடியவில்லை. புடவைக்கு ஊக்கு குத்தக்கூட என்னைக் கூப்பிடுகிறார்.

நடு மூட்டைக் கம்பியோ பிளேட்டோ வைத்து அசையாமல் இணைத்துவிடலாம் என்கிறார் எலும்பு மருத்துவர். அந்த மூட்டு அப்புறம் மடங்காது, ஆனால் வலி குறைந்து பிடிப்பு வருமாம். செயற்கை மூட்டு வைக்கலாமா என்று கேட்டேன். கிள்ளிப் பிடிக்கும்போது கட்டைவிரலில் விசை அதிகம், தசைநார் தளர்ந்த கைக்கு இணைப்புதான் உறுதி என்றார். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அம்மாதான் "விரல் மரம் மாதிரி ஆகிடுமே" என்று பயப்படுகிறார்.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: எலும்பு ஒன்றுசேர எத்தனை வாரம் ஆனது? கட்டோடு குளிப்பது, சாப்பிடுவதை எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? முடக்குவாதத்துக்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைத் தொடரலாமாம், நோய் எதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசியை மட்டும் அறுவைக்கு முன் நிறுத்த வேண்டுமாம். அந்த இடைவெளியில் மற்ற மூட்டுகள் வீங்கினவா?

மதுரை, திருச்சி பக்கம் கைக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் தெரிந்தாலும் எழுதுங்கள். எண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம், எல்லாம் பார்த்தாயிற்று.