மேலத்தெருக் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழு, கொழிஞ்சாம்பாறை

மாவு மில் மாமா: பாட்டியை ஸ்கூட்டரால் இடித்துத் தள்ளியவன் இவன்தான். படத்தை எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

குமாஸ்தா அண்ணன்: மாமா, முதலில் படத்தை அழியுங்கள். அவனுக்கு 17 வயது. வழக்கில் சிக்கிய சிறாரின் முகமோ பெயரோ வெளியே போனால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். அவனுக்கு முன்னால் நீங்கள் கோர்ட் ஏறுவீர்கள்.

மாவு மில் மாமா: அழித்துவிட்டேன். இடித்தவனுக்குக் காவல், இடிபட்டவளுக்குக் கட்டு. நல்ல சட்டம்!

தையல்கார அக்கா: அடுத்த மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிகிறதாம். அதுவரை பொறுத்துப் புகார் கொடுத்தால் பெரியவர்களை விசாரிக்கும் கோர்ட்டுக்குப் போகும் அல்லவா?

குமாஸ்தா அண்ணன்: போகாது அக்கா. புகார் எழுதிய நாளில் அல்ல, இடித்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. இருபத்தைந்து வயதில் பிடித்தாலும் சிறார் வழக்கைப் பார்க்கும் ஜுவனைல் போர்டுதான்.

மாவு மில் மாமா: பதினாறு தாண்டியவனைப் பெரியவனாக விசாரிக்கலாம் என்று 2015-இல் சட்டம் வந்ததே?

குமாஸ்தா அண்ணன்: அது கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக இருக்க வேண்டும். அப்போதும் பையனின் மனப்பக்குவத்தைப் பார்த்துத்தான் போர்டு முடிவெடுக்கும். கால் முறிவுக்கு அது பொருந்தாது.

பாட்டி மகள்: அண்ணா, அவனை உள்ளே தள்ளி எனக்கு என்ன ஆகப்போகிறது? கோயம்புத்தூரில் தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவு யார் தலையில்?

குமாஸ்தா அண்ணன்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கேட்க வேண்டும். நஷ்ட ஈட்டுக்கு வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, சிறாரை ஓட்டவிட்ட பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதனால் புகாரைத் தள்ளிப்போட்டால் நட்டம் நமக்குத்தான்.

மாவு மில் மாமா: அவன் அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். நீல டிக் விழுகிறது, வாய்தான் திறக்கவில்லை.

தையல்கார அக்கா: அவன் அம்மா நேற்று இரவு பாட்டி வீட்டுப் பூட்டிய கதவின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பாட்டி மகள்: இருக்கட்டும் அக்கா. புகாரை இன்றே கொடுக்கிறேன். அண்ணா, மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்கு வர முடியுமா?

குமாஸ்தா அண்ணன்: வருகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, பில் எல்லாவற்றையும் எடுத்து வா.

பாட்டி மகள்: மயக்கம் தெளிந்ததும் அம்மா பால் தூக்கைத்தான் கேட்டாள். பால் சொசைட்டி முன்னால் யாராவது பார்த்தீர்களா?

தையல்கார அக்கா: என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. மூடியைத்தான் காணவில்லை.