ஆலயப் பணியாளர்கள்: வீடு மாதிரி நடத்துவதா, அலுவலகம் மாதிரி நடத்துவதா?

நெல்லைச் சேகரகுரு
அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு நகரச் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதிக்கு, மாறுதலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. உதவி குரு, இரண்டு சபை ஊழியர்கள், அலுவலக எழுத்தர், ஆர்கன் வாசிக்கும் தம்பி, ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கோயில்குட்டியார், இரவுக் காவலர் என்று என்னோடு ஏழு பேர். இவர்கள் எல்லாரும் கடைசியாக எப்போது ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை. எழுத்தர் மேல் வருத்தம் என்றால் கமிட்டி உறுப்பினரிடம் சொல்வார்கள், அவர் என்னிடம் வந்து சொல்வார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மணி நேரக் கூட்டம் தொடங்கினேன். யாருக்கு என்ன பொறுப்பு, யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று ஒரு தாளில் எழுதிக் கமிட்டியில் வைத்தேன். "ஆலயத்தை ஆபீஸ் ஆக்குகிறீர்கள்" என்று எதிர்ப்பு வந்தது. நான் செய்தது தவறா? மனந்திறந்து சொல்லுங்கள்.

முன்னாள் செயலர்
சேகரகுரு ஐயரவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 12 வருஷம் சேகரச் செயலராக இருந்த நான் எதிர்த்தவர்கள் பக்கம்தான். தாளில் எழுதிவிட்டால் அதில் இல்லாததை யாரும் தொட மாட்டார்கள். இரவு 11 மணிக்குச் சாவு வீட்டிலிருந்து போன் வரும். மழையில் கல்லறைத் தோட்டத்துக்கு விளக்கு கொண்டுபோக ஆள் வேண்டும். அதை யார் பெயருக்கு நேரே எழுதுவீர்கள்?

நம் மண்ணில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியதை நினைத்துப் பாருங்கள். மிஷனரி சம்பளம் கொடுப்பவர், இந்திய ஊழியர் அவருக்கு வேலைக்காரர் என்ற உறவு இருக்கிறதே என்று வருந்தி, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அவர் உடைக்கச் சொன்ன உறவைத்தான் இந்தத் தாள் திரும்பக் கொண்டுவருகிறது என்று பயப்படுகிறேன்.

சபை ஊழியர் மகள்
செயலர் ஐயாவுக்கு வணக்கம். என் அப்பா கிராமத்துச் சபைகளில் ஊழியராக இருந்தவர். எங்கள் வீட்டு டிசம்பரைச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீதபவனி முடிந்து அப்பா வீடு திரும்பும்போது விடியப்போகும். 31ஆம் தேதி இரவு ஆராதனை 12 மணி தாண்டி முடியும். விடிந்தால் புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனை. நடுவில் யாராவது இறந்துபோனால் அடக்கம். ஜனவரி முதல் வாரம் அப்பா காய்ச்சலில் படுப்பது எங்களுக்கு வருஷா வருஷம் நடப்பது. அப்போதும் கதவைத் தட்டி, "ஊழியர் இல்லையா?" என்று கேட்பார்கள்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று அப்பாவிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். ஓய்வுபெற்ற அன்று ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப்பின் கண் ஆபரேஷனுக்குப் பணம் தேடி அலைந்தோம், அந்தச் சபையிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. குடும்பம் என்றால் அப்படியா இருக்கும்?

அசரியா பிறந்த வெள்ளாளன்விளை எங்களுக்குப் பக்கத்து ஊர். அதே பேச்சில் அவர் இன்னொன்றும் கேட்டார்: சேர்ந்து சாப்பிடுகிறீர்களா, வீட்டுக்கு அழைக்கிறீர்களா என்று. நம் சபைகளில் எத்தனை ஐயர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோயில்குட்டியார் உட்கார்ந்திருக்கிறார்?

முன்னாள் செயலர்
அம்மா, இதைப் படித்துவிட்டுப் பதில் எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உங்கள் அப்பாவுக்கு நடந்தது பாவம். அதில் என்னைப் போன்ற செயலர்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் கேட்கிறேன், அன்பு இல்லாத இடத்தில் தாள் வந்து என்ன செய்யும்?

ஆர்கன் வாசிப்பவன்
நான் வேறு ஊர், ஆனால் அதே வேலை. எனக்குச் சம்பளம் இல்லை, பண்டிகைக்கு ஒரு கவர் மட்டும். பாடகர் குழு, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் என்று ஆலயத்தில் பாதிப் பேர் இப்படித்தான். எங்களுக்குத் தாளைவிட அவசரமான ஒன்று உண்டு. தப்பு நடந்தால் அதை எங்கே சொல்கிறீர்கள் என்பதுதான்.

ஒரு ஞாயிறு பாட்டு எண் மாறிவிட்டது. குருவானவர் பிரசங்கத்துக்கு நடுவே, "சிலர் ஆயத்தமில்லாமல் வருகிறார்கள்" என்றார். சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். எண்ணை மாற்றி எழுதித் தந்தது அலுவலகம்தான், அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்று மத்தேயு 18இல் இருக்கிறதே! கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் ஆறு மாதம் ஆர்கன் பக்கம் போகவில்லை.

சேகரகுரு ஐயா, உங்கள் செவ்வாய்க் கூட்டத்தில் யாராவது உங்களைப் பார்த்து, "இல்லை, இது சரிவராது" என்று சொல்லியிருக்கிறார்களா? அதைச் சொல்லுங்கள்.

நிதிக்குழு உறுப்பினர்
உணர்வுகள் சரி, கணக்கையும் பார்ப்போம். வேலையிலிருந்து ஓய்வுபெறும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கு நம் நாட்டில் ஒரு வழக்கமான அளவு இருக்கிறது: வருஷத்துக்கு 15 நாள் ஊதியம். மாதம் 10,000 ரூபாய் வாங்குகிறவர் 20 வருஷம் உழைத்தால், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் ஏறக்குறைய 1,15,000 ரூபாய். சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல் மாதம் 500 ரூபாய் தனியாக எடுத்துவைத்தாலே 20 வருஷத்தில் அது சேர்ந்துவிடும். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பந்தல் போடப் பணம் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காதா?

இன்னொன்று. குருமார் மாறுதலில் போய்விடுவார்கள், கோயில்குட்டியார் அங்கேயேதான் இருப்பார். ஒருவர் கொடுத்த ஓய்வுநாளை அடுத்தவர் வந்து எடுத்துவிடக் கூடாதென்றால் அது கமிட்டி நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். செயலர் ஐயா, தாள் இதற்குத்தான்.

நெல்லைச் சேகரகுரு
தம்பி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஒருவரும் சொன்னதில்லை. இந்த மூன்று மாதமும் அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால், கூட்டத்தில் பேசுகிறவன் நான்தான். கோயில்குட்டியார் நாற்காலி இருந்தும் கதவோரம்தான் நிற்பார். தாளைக்கூட நானே எழுதினேன், அவர்களைக் கேட்கவில்லை.

காலைமுதல் மாலைவரை மோசே தனியாக நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவர் மாமனார் எத்திரோ, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். நான் பலமுறை பிரசங்கித்த பகுதி. அந்த 'ஜனங்களும்' என்ற சொல்லில் நான் நின்றதே இல்லை.

இன்று மாலை கோயில்குட்டியார் வீட்டுக்குப் போய்வந்தேன். எந்த நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றார். மகள் வீட்டுக்குப் போய்வர வேண்டுமாம், பேரன் பிறந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை. ஆனால் திங்கள் காலை ஜெபத்துக்கு யார் கதவைத் திறப்பது என்று அவரே கவலைப்படுகிறார்.

முன்னாள் செயலர்
ஐயரவர்களே, தாள் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. நிதிக்குழுக்காரர் சொன்ன பணத்தை எங்கள் சபைக் கமிட்டியில் நானே எழுப்புகிறேன். உங்கள் ஊரிலும் ஆலயத்துக்கு எதிரே என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருப்பார். திங்கட்கிழமைக்குச் சாவியை அவரிடம் கொடுங்கள், காலை 5 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார்.

சபை ஊழியர் மகள்
பேரனைப் பார்த்துவிட்டு வந்தாரா என்று எழுதுங்கள் ஐயா.