ஹேண்டிகேப்புக்கு 'ஈடு': கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவர் வெல்லும் ஆட்டம் அது. தேறாதவரும் தேர்ந்தவரோடு சமமாகப் போட்டி போட, அவர் கணக்கில் கழித்துத் தரும் அடிகளின் எண்ணிக்கைதான் ஹேண்டிகேப். இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சலுகை அடி, கொசுறு, சுமை, பின்னடைவு, குறைநிரப்பி, இயலாமை எண் என்று ஆறு சொற்கள் வந்தன. நான்கு நாளாக எல்லாவற்றையும் வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் முடிவு 'ஈடு'. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

கேள்வி எங்கே பிறந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அண்ணா சாலையில் நந்தனம் வழியாக இருபது வருடமாகப் பேருந்தில் போய்வருகிறேன். அங்கே காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் திடல் இருப்பது தெரியும், உள்ளே போனதில்லை. கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்துக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பார் பல தலைமுறையாக ஆடிவந்த திடலும் அப்படித்தான். கோல்ஃப் என்பது மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பது என்றே இருந்துவிட்டேன்.

போன வருடம் சான் டியேகோவில் இருக்கும் தங்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கினேன். ஒரு காலை பல்போவா பூங்காவுக்கு அழைத்துப் போனான். அங்கே 18 குழித் திடல் ஒன்றும் 9 குழித் திடல் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் அந்த நகராட்சிக்குச் சொந்தம். உறுப்பினர் சீட்டு கிடையாது. நேரத்தைப் பதிந்து, பணத்தைக் கட்டி ஆடலாம். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு. அதே நகராட்சியிடம் கடலோரத்தில் டோரி பைன்ஸ் என்று இன்னொரு திடல் இருக்கிறது. 2008இலும் 2021இலும் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்கேதான் நடந்தது. நம் மாநகராட்சிக் கால்பந்துத் திடலில் உலகக் கோப்பைப் போட்டி நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: நாளைக்கு சென்னையிலும் ஒரு பொதுத் திடல் வந்தால் அதன் பலகையும் ஆட்ட அட்டையும் தமிழில் இருக்க வேண்டும். டெல்லியில் அரசின் வளர்ச்சி ஆணையமான டிடிஏ நடத்தும் குதுப் கோல்ஃப் திடலில் கிளப் உறுப்பினராக இல்லாதவர்களும் பணம் கட்டி ஆடுகிறார்கள். ஆகவே இது நடக்காத காரியம் இல்லை. அப்போது சொல் தயாராக இருக்கட்டும்.

நாங்கள் இரண்டு பேர்தான் போயிருந்தோம். அங்கே நால்வராகச் சேர்த்துத்தான் அனுப்புவது வழக்கம் என்று முன்பின் தெரியாத இருவரைச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னொருவர் இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்த செவிலியர். கைகுலுக்கியதும் தபால்காரர் கேட்ட முதல் கேள்வி, என் ஹேண்டிகேப் எவ்வளவு என்பது.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணனுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம். காலில் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் பள்ளிக்கு வருவான். தெருவில் கில்லி ஆடினாலும் கோலி ஆடினாலும் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்ப்பார்கள். கூட நிற்கலாம், அவன் எடுத்த புள்ளி கணக்கில் வராது. அந்த ஒப்புக்குச் சப்பாணி என்ற பேச்சே அவனைப் போன்றவர்களை வைத்து வந்ததுதானே. அதனால் ஹேண்டிகேப் என்று காதில் விழுந்ததும் அண்ணன் முகம்தான் வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு விளையாட்டுச் செய்தியில் 'ஊனம் 9 கொண்ட வீரர்' என்று படித்தேன். இரண்டு நாள் ஆறவில்லை. மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசே ஏற்று இத்தனை வருடம் ஆகிவிட்டது. ஒரு ஆட்டக் கணக்குக்குப் போய் ஊனம் என்று எழுதலாமா? 'இயலாமை எண்' என்று எழுதிய நண்பர் நல்ல மனத்தோடு எழுதினார் என்று தெரியும். ஆனாலும் அதுவும் அதே குழிதான்.

உண்மையில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் உடற்குறைக்கும் பிறப்பிலே தொடர்பு இல்லை. பிச்சைக்காரர் தொப்பியை நீட்டுவதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது, அது தவறு. அது பண்டமாற்று விளையாட்டு ஒன்றின் பெயர். லண்டனில் 1660இலேயே அதை ஆடியதற்குப் பதிவு இருக்கிறது. ஒருவர் கடிகாரத்தைக் கொடுக்கிறார், இன்னொருவர் மேலங்கியைக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டும் ஒரே மதிப்பு இல்லை. நடுவர் ஒருவர் பார்த்து, மேலங்கிக்காரர் மேற்கொண்டு இவ்வளவு காசு போட வேண்டும் என்று சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு எடுப்பார்கள். திறந்த கையில் காசு இருந்தால் சம்மதம், வெறுங்கையாக இருந்தால் இல்லை. தொப்பிக்குள் கை, அதுதான் பெயர். அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், பிறகு கோல்ஃபுக்கு வந்தது. உடற்குறை என்ற பொருள் ஏறியது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதுசு வாங்கும்போது கடைக்காரரிடம் 'மேல எவ்வளவு போடணும்' என்று கேட்கிறோமே, அந்த 'மேல'தான் மூலப்பொருள். இரண்டு பக்கத்தையும் சமமாக்க வைப்பது. தமிழில் அதற்கு ஈடு என்று பெயர். ஈடுகட்டுதல், நஷ்டஈடு, ஈடுசெய் விடுப்பு எல்லாம் நாம் அன்றாடம் சொல்வதுதான். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

திடலில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அட்டையில் என் பெயருக்கு நேரே ஒன்பது கட்டம். விரல் நீளம்கூட இல்லாத பென்சில் ஒன்று தந்திருந்தார்கள். மருமகன் அதைப் பிடித்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் இரண்டிரண்டு புள்ளி வைத்தான். 'குழிக்கு ரெண்டு அடி உங்களுக்கு மாமா' என்றான். நாலாவது குழியில் அவன் நாலு அடியில் முடித்தான், நான் ஆறு. அவன் என் கட்டத்தில் 6 எழுதி, புள்ளி இரண்டையும் பென்சில் முனையால் தொட்டுக் காட்டி, 'நாலுக்கு நாலு, சமம்' என்றான். அந்தச் செவிலியர் கை தட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை மட்டையைப் பிடித்தவனும் பத்து வருடமாக ஆடுகிறவனும் ஒரே அட்டையில் மெய்யாகவே போட்டி போட்டோம். என் அண்ணனுக்குத் தெருவில் கிடைக்காதது இதுதான். அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு ஆட்டத்தில் சேர்த்தார்கள். இங்கே கணக்கில் சேர்ப்பதற்கென்றே ஒரு எண் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மற்றச் சொற்களைப் பார்க்கலாம்.

கொசுறு கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கீரைக்காரம்மா அள்ளிப் போடும் கறிவேப்பிலை அவர் மனசைப் பொறுத்தது. நாளைக்குக் கொடுக்காமலும் போகலாம். கோல்ஃபில் கொடுப்பது கணக்குப் போட்டு வருவது. 2020இலிருந்து உலகம் முழுவதும் ஒரே முறைதான்: ஒருவர் கடைசியாக ஆடிய 20 சுற்றில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதிகபட்சம் 54, அதாவது 18 குழித் திடலில் குழிக்கு மூன்று. இது யாருடைய தயவும் இல்லை. சலுகை என்ற சொல்லையும் இதனாலேயே விட்டுவிடலாம் என்கிறேன்.

சுமை என்று எழுதிய மயிலாப்பூர் நண்பர் கிண்டிப் பந்தயத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். குதிரைக்கு அது சரியான சொல். தேர்ந்த குதிரைமேல் கூடுதல் எடை வைத்துச் சமமாக்குகிறார்கள். கோல்ஃப் அப்படியே தலைகீழ். தேர்ந்தவர்மேல் எதையும் ஏற்றுவதில்லை, தேறாதவருக்கு அடி தருகிறார்கள். ஒரே கிண்டித் தரையில் வெளிவட்டத்தில் சுமை, உள்வட்டத்தில் ஈடு என்று வைத்துக்கொள்ளலாமே.

பின்னடைவு, குறைநிரப்பி இரண்டும் ஆட்டக்காரரைக் குறையுள்ளவராகப் பார்க்கின்றன. ஈடு இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கிறது.

அப்புறம், ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். ஈடு நன்றாகவே போடுகிறது. காடு காட்டாறு ஆவது மாதிரி ஈடு ஈட்டடி ஆகும். கொடுக்கப்படும் ஒவ்வொரு அடியும் ஈட்டடி. ஒருவருடைய பொது எண் ஈட்டெண். ஒவ்வொரு திடலும் ஒவ்வொரு மாதிரி கடினம் என்பதால் அன்றைக்கு ஆடும் திடலுக்கென்று எண்ணை மாற்றிக் கணக்கிடுவார்கள். அது திடல் ஈடு. அந்தக் கணக்கில் வரும் ஸ்லோப் என்ற எண்ணைச் சரிவு என்று பெயர்க்க வேண்டாம், நிலத்தின் சரிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 55இலிருந்து 155 வரை போகும், 113 நடுத்தரம். தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்று சொல்வது. கடுமை எண் என்று வைக்கலாம். ஈட்டடியைக் கழிக்கும் முன் மொத்த அடி, கழித்த பின் நிகர அடி. இந்தச் சொற்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஈட்டெண் 0 உள்ளவரை ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் என்கிறார்கள். தமிழில் அவர் ஈடற்றவர். ஈடு தேவைப்படாதவர், நிகரில்லாதவர், இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'அவருக்கு ஈடுகொடுத்து ஆட முடியலை' என்று நாம் பேசுவதும் இதோடு பொருந்துகிறது. மொழி இந்த இடத்தை நமக்காகவே காலியாக வைத்திருந்தது மாதிரி இருக்கிறது.

ஆட்சேபங்களும் வரும். நகையை ஈடு வைக்கிறோம். இட்லி முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்கிறோம். வைணவர்களுக்கு ஈடு என்றால் திருவாய்மொழி உரை. ஒரு சொல்லில் இத்தனை பொருளா என்றால், சமையலறையில் நின்று 'இன்னும் ஒரு ஈடு ஊத்து' என்று கேட்டால் யாரும் நகையைத் தேடிப் போவதில்லை. இடம் பொருளைக் காட்டிவிடும்.

எனக்கு மெய்யாகவே கவலை தருவது அடி என்ற சொல்தான். ஆறு அடி தூரத்தில் நிற்கும் பந்தை இரண்டு அடியில் போட்டார் என்று எழுதினால் படிப்பவர் திணறுவார். குழிக்குப் பக்கத்தில் அந்தக் குட்டைத் தூரங்கள்தான் உயிர். வீச்சு என்று மாற்றலாம் என்றால், பந்தைத் தரையோடு உருட்டுவதை வீச்சு என்று எப்படிச் சொல்வது? மருமகன் பந்திலிருந்து குழிவரை காலால் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்ததால் சொல்கிறேன்: தூரத்தைத் தப்படியில் எழுதுவோம். மூன்று தப்படி தூரம், இரண்டு அடி. குழப்பம் தீர்ந்தது. மிகக் கிட்டே என்றால் சாண் இருக்கிறது.

குழி பற்றி விவாதமே வேண்டாம். பேந்தாவும் பல்லாங்குழியும் ஆடிய கைக்கு அது சொந்தச் சொல். கோல்ஃப் குழி குறுக்களவு நாலேகால் அங்குலம். ஆட்டத்துக்கே செண்டாட்டம் என்று பெயர் வைக்கலாம் என்றவருக்கு ஒரு சொல்: மன்னார்குடி ராஜகோபாலன் கையில் இருக்கும் செண்டு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் பழைய செண்டுவெளி குதிரை ஏறும் இடம். அதைப் போலோவுக்கு விட்டுவைப்போம். குழிப்பந்தாட்டம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும். ஒரு குழியை முடிக்கத் தேர்ந்தவருக்கு இத்தனை அடி என்று வைத்திருக்கும் எண்ணை ஆங்கிலத்தில் 'பார்' என்கிறார்கள். அதற்கு நேர் என்று நினைக்கிறேன். நேர் 3, நேர் 4, நேருக்கு ஒன்று கூட. நேருக்கு ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம். குருவி, கழுகு என்று மாற்றிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்த மட்டை, எந்தப் பக்கம் என்று சொல்லித் தருகிறவரை ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே தமிழில் எழுதினால் கேடி ஆகிவிடுகிறது. நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருப்பவர். நாள் முழுக்க வெயிலில் நடந்து உழைப்பவருக்கு அந்த எழுத்து வேண்டாம். துணையாள் என்று நான் வைத்திருக்கிறேன். ஆனால் நந்தனத்திலும் கிண்டியிலும் இந்த வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்வார்கள்? சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கிற நண்பர்கள் யாராவது விசாரித்து எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.