‘இன்னோவேஷன்’ என்பதற்கு ‘புதுவழமை’: அபிவிருத்தி ஒத்துழைப்புச் சொற்பட்டியல் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வதேச அபிவிருத்தி ஒத்துழைப்புத் துறைக்கான சொற்பட்டியலில் ‘இன்னோவேஷன்’ என்பதற்கு நேர்ச்சொல் எது என்ற கேள்வி எழுந்த பின், இவ்விழையில் ‘புத்தாக்கம்’, ‘புதுமையாக்கம்’, ‘புதுமை’, ‘புதுப்புனைவு’ ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘புத்தாக்கம்’ என்பதையே உறுதிசெய்துவிடலாம் என்ற கருத்து வலுத்து வருகிறது. இலங்கையின் மலையகத்தில் இத்துறையின் கையேடுகளையும் அறிக்கைகளையும் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில், பட்டியல் முடிவாகும் முன் எனது மாற்றுக் கருத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

‘புத்தாக்கம்’ நல்ல சொல். நானே நூறு முறை எழுதியிருக்கிறேன். ஆனால் ‘ஆக்கம்’ என்றவுடன் ஆக்கப்பட்ட ஒரு பொருள் மனதில் வந்து நிற்கிறது. எங்கள் பாடசாலைகளில் ‘புத்தாக்குநர்’ என்றால் கண்காட்சிக்கு ஓர் இயந்திரம் செய்து கொண்டுவரும் மாணவர் என்றுதான் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். ஆய்வுகூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் அது மிகப் பொருத்தம். கொடுப்பவரும் பெறுபவரும் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதையே பொருளாகக் கொண்ட ஒரு துறைக்கு அது பொருந்துமா என்பதுதான் என் ஐயம்.

இந்த ஐயம் எனக்கு அகராதியைப் புரட்டும்போது தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வெளிநாட்டு நிதியில் நடந்த குடிநீர்த் திட்டமொன்றின் மீளாய்வுக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சென்றிருந்தேன். அறிக்கையில் ‘புத்தாக்கங்கள்’ என்ற தலைப்பின் கீழ், டப்லட் கருவியில் கணக்கெடுத்ததும் நீர்த்தாங்கியில் ஒரு மானி பொருத்தியதும் மட்டுமே இருந்தன. நான் அத்தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “என்னாங்க சேர் புதுசா கொண்டாந்திருக்கீங்க?” என்று கேட்டார். கூட்டத்தின் பார்வை முழுவதும் நாங்கள் வந்திறங்கிய வாகனத்தின் பக்கம் திரும்பியது.

அத்திட்டத்தில் உண்மையில் மாறியிருந்தது வேறொன்று. முதலாம் ஆண்டில் கூட்டங்களைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி, போய்விடும் என்பதால் கொழுந்து பறிக்கும் பெண்கள் எவரும் வரவில்லை. ஓய்வுபெற்ற ஆண்களும் தலைவர்மாரும் வந்து முடிவெடுத்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு கள உத்தியோகத்தர், மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பிள்ளைமடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) முன்னால் கூட்டத்தை வைக்கத் தொடங்கினார். அதன்பின் குழாய் எந்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்கு) முதலில் போக வேண்டும் என்ற முடிவே மாறியது. விடிகாலையில் நீர் வடியும் பீலிக்கு நடந்து குடம் சுமப்பவர்கள் எவரோ, அவர்களே வரிசையைத் தீர்மானித்தார்கள். திட்டம் முடிந்து வாகனங்கள் வராமற்போன பிறகும் அந்த மாலைக் கூட்டம் அங்கே நடக்கிறது. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்கள் மறைக்க எண்ணினார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் கையில் இருந்த சொல் கருவியைத் தேடச் சொன்னது, அவர்களும் கருவியைத் தேடி எழுதினார்கள்.

இத்துறையின் வரலாற்றைப் பார்த்தாலும் பெரிய திருப்பங்கள் பெரும்பாலும் பழக்கவழக்கங்களில்தான் நிகழ்ந்துள்ளன. 1950 சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடி வித்திட்டு, 1951 இல் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் மொழி ‘உதவி’, ‘நிபுணர்’, ‘பயிற்சி’ என்பதாக இருந்தது. (நம் தீவின் தலைநகர் உலகுக்கு ஓர் ஒத்துழைப்புத் திட்டத்தின் பெயரைக் கொடுத்த அதே காலத்தில், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களின் மக்கள் நாடற்றவர்களாக நின்றார்கள் என்பதை இவ்விடத்தில் எண்ணாமல் என்னால் கடக்க முடியவில்லை.) அரை நூற்றாண்டு கழித்து, 2005 இல், உதவி கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஏற்ற பாரிஸ் பிரகடனம் ஐந்து கோட்பாடுகளை வைத்தது: பெறும் நாடே தன் திட்டத்தைத் தனதாக்கிக்கொள்ளுதல், கொடுப்பவர் அந்நாட்டின் முறைமைகளோடு இசைந்து செல்லுதல், கொடுப்பவர்கள் தமக்குள் ஒருங்கிசைதல், பெறுபேறுகளை நோக்கி நிருவகித்தல், ஒருவருக்கொருவர் பொறுப்புக் கூறுதல். இவற்றுள் ஒன்றைக்கூடக் கையால் தொட்டுக் காட்ட முடியாது. 2008 இல் அக்ராவிலும் 2011 இல் பூசானிலும் பேச்சு மேலும் நகர்ந்து, ‘உதவியின் விளைதிறன்’ என்ற தொடரின் இடத்தில் ‘விளைதிறன்மிக்க அபிவிருத்தி ஒத்துழைப்பு’ என்ற தொடர் வந்தது. 2016 இல் இஸ்தான்புல் மாநாட்டில், கொடையாளரும் உதவி அமைப்புகளும் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளின் கைகளுக்கு இயன்றவரை நேரடியாகச் சேர்ப்பது என்ற இலக்கை ஒப்புக்கொண்டார்கள். நிதி வழங்கும் முறையிலும் இப்படித்தான்: 2015 முதல் 2018 வரை இராஜஸ்தானில் பெண் பிள்ளைகளின் கல்விக்காக நடந்த அபிவிருத்திப் பிணைமுறித் திட்டத்தில், முதலீட்டாளர் முன்பணம் போட, பிள்ளைகள் பாடசாலையில் சேர்ந்ததும் கற்றதும் அளக்கப்பட்ட பிறகே கொடையாளர் பணம் செலுத்தினார். பள்ளிக்கூடம் பழையதுதான், பணம் எப்போது, எதற்காகக் கைமாறுகிறது என்பது புதியது.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு, இந்திய அரசின் நிதியில் இலங்கையில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டம். வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கு வீட்டு உரிமையாளரே கட்டுநர் என்ற முறை பின்பற்றப்பட்டது. பணம் தவணை தவணையாக அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே சென்றது. 2016 இல் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டபோது அம்முறையை அப்படியே கொண்டுவர இயலவில்லை. வீட்டுக்காரர் என்று சொல்லத்தக்க எவரிடமும் காணி இருக்கவில்லை. அரசுக்குச் சொந்தமான நிலம் கம்பனிகளிடம் குத்தகையில் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச்சஸ் காணியைத் தோட்டத்திலிருந்து விடுவித்த பிறகே அத்திவாரம் வெட்ட முடிந்தது. ஆகவே சமூகமே முன்னின்று நடத்தும் முறையை அங்கு வகுத்தார்கள். ஓடும் கல்லும் சீமெந்தும் எங்கும் ஒன்றே. தனி வீடு, அதனடியில் தன் பெயரில் நிலம், கட்டுமானத்தில் தன் பேச்சுக்கு இடம் என்னும் மூன்றும் சேர்ந்து வந்ததே லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் புதிது. இதனை ‘புத்தாக்க வீடமைப்பு’ என்று எழுதினால், வாசிப்பவர் புதுவகைக் கூரையைத் தேடுவார்.

கல்லும் சீமெந்தும்கூட இல்லாத எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் வாசகத்தால், தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்களுடைய லயத்துப் பாதைக்குப் பணம் செலவிடத் தயங்கி நின்றது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பிரிவின் சொற்கள் மாறியதால் தெருவிளக்குக்கும் பாதைக்கும் வழி திறந்தது. இந்த மாற்றத்தைப் ‘புத்தாக்கம்’ என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

எனவே நான் முன்மொழியும் சொல் ‘புதுவழமை’.

‘வழமை’ இலங்கைத் தமிழில் உயிரோடிருக்கும் சொல். யாழ்ப்பாணத் தமிழரின் ‘தேசவழமை’ என்ற சட்டத்தின் பெயரில் அது முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. ‘போக்குவரத்து வழமைக்குத் திரும்பியது’ என்று வானொலி நாள்தோறும் சொல்கிறது. பலரும் ஒத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்து நிலைபெற்ற நடைமுறை என்பதே அதன் பொருள். அதற்கு முன் ‘புது’ சேரும்போது, நிலைபெற்றிருந்த ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிலைபெறுவது என்ற கருத்து எவரும் விளக்காமலே கிடைக்கிறது. ‘புதுவழமை காணுதல்’, ‘புதுவழமையாளர்’, ‘புதுவழமை நிதியம்’ என்று தேவைக்கேற்ப விரித்துக்கொள்ளவும் இடமுண்டு.

கோவையிலிருந்து எழுதும் நண்பர், தமிழ்நாட்டில் ‘வழமை’ அருகிய வழக்கு என்பதால் ‘புதுவழக்கம்’ என்று கொள்ளலாமா எனக் கேட்கக்கூடும். ‘வழக்கம்’ என்பது தனி ஒருவரின் பழக்கத்தையும் குறிக்கிறது. காலையில் தேநீர் குடிப்பதும் வழக்கம்தான். ‘வழமை’யில் ஊர் இருக்கிறது. ஆயினும் இரண்டில் எது வந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

இதனினும் கடினமான மறுப்பொன்றை யாழ்ப்பாணத்து நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார்: வழமையாகிவிட்டால் அது புதிதாக இருக்க முடியாது, புதிதாக இருக்கும்வரை அது வழமையாகாது, எனவே சொல் தன்னுள்ளேயே முரண்படுகிறது என்பது அவருடைய வாதம். இதைப் பலநாள் எண்ணிப் பார்த்தேன். தேயிலையில் இதற்கு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய இனத்தைத் தெரிவுசெய்து வெளியிட்டால் அது கண்டுபிடிப்பு. அதன் ஓரிலைத் துண்டுகளைத் தவறணையில் (நாற்றுமேடையில்) நிழலிட்டு வளர்த்து, நடுவதற்கு முன் நிழலைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்குகிறார்கள். மலையிலோ பழைய செடியைப் பிடுங்கிய மண்ணில் குவாத்தமாலாப் புல்லை நட்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மண்ணைத் தேற்றிய பிறகே கன்று வைக்கிறார்கள். தவறணையில் செழித்து நிற்கும் கன்றைக் காட்டி, மலையில் புதுத்தேயிலை வந்துவிட்டது என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதமாட்டார். நம் துறையிலோ தவறணையிலிருக்கும் கன்றுகளையே அறிக்கைகள் எண்ணுகின்றன. நிதி தீர்ந்து, வெளியார் விலகிய பின்னும் ஊர் தானாகச் செய்துவரும் மாற்றத்துக்கு மட்டுமே ‘புதுவழமை’ என்ற பெயரைக் கொடுப்போம். அதற்கு முந்திய நிலைக்குத் தேர்கட்டும் ஊர்களில் பழகிய ‘வெள்ளோட்டம்’ என்ற அழகிய சொல் இருக்கிறது. ‘பைலட்’ என்பதற்கு இப்போது நாம் எழுதும் ‘முன்னோடித் திட்டம்’, பின்னால் வேறு திட்டங்கள் கட்டாயம் வரும் என்று உறுதிகூறுவதுபோல் ஒலிக்கிறது. ‘வெள்ளோட்டம்’ ஓடிப் பார்க்கிறோம் என்று மட்டுமே சொல்கிறது.

2025 சூலை முதலாம் திகதி அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் மூடப்பட்டதும், ஐரோப்பிய நாடுகள் பலவும் தம் ஒதுக்கீடுகளைக் குறைத்துவருவதும் இந்த வேறுபாட்டை அவசரமாக்கியுள்ளன. பணம் நின்றபின் எது தொடர்ந்தது என்று கேட்டுத் தொகுக்க வேண்டிய வேலை இப்போது எங்கள் மேசைகளில் இருக்கிறது. அக்கேள்வியைத் தோட்டத்து மக்களிடம் அவர்களுக்கு விளங்கும் சொல்லில் கேட்டாக வேண்டும்.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: ‘சேஞ்ச்’ என்பதற்கு ‘மாற்றம்’ போதும். ‘கூட்டுறவு’ என்று எழுதினால் இங்கே கூட்டுறவுக் கடை நினைவுக்கு வரும் என்பதால் ‘ஒத்துழைப்பு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். ‘பார்ட்னர்’ என்பதற்குப் ‘பங்காளி’ வேண்டாம். நம் குடும்பங்களில் பங்காளி என்பவர் சொத்துக்கு நிற்பவர். ‘பங்காளர்’ நன்று.

‘ஓனர்ஷிப்’ என்ற இடத்தில்தான் என் கை நிற்கிறது. பாரிஸ் பிரகடனத்தின் முதற்கோட்பாடான அதற்கு ‘உரித்து’ என்றும் ‘உடைமையுணர்வு’ என்றும் எழுதி வருகிறோம். சென்ற வாரம் ஒரு கையேட்டில் ‘மக்கள் இத்திட்டத்தின் உரித்தாளர்களாக மாறவேண்டும்’ என்ற வரியை எழுதிவிட்டு, மறுநாள் அதை அடித்துவிட்டேன். அக்கையேட்டைக் கையில் வாங்கப்போகும் குடும்பங்களில் பலவற்றுக்குத் தாம் குடியிருக்கும் இடத்துக்கே இன்னும் காணி உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லை. அவர்களிடம் திட்டத்துக்கு உரித்தாளராகுங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. ‘தமதாக்கம்’ என்று ஒரு சொல்லை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்; கையேடு இம்மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
கொட்டகலையிலிருந்து