தைப் பனியில் விடிகாலை மதுரை போகணும், பழகினவங்க வழி சொல்லுங்க

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு மதுரையில் இருக்கணும். காரைக்குடியிலிருந்து 4.30-க்கே கிளம்பியாகணும்.

போன வாரம் திருப்பத்தூர் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் பனி மூடி, பத்தடிக்கு மேல் ஒண்ணும் தெரியலை. ஹைபீம் போட்டா வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணிலேயே அடிக்குது. லோபீமில் ஊர்ந்துதான் வந்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம் படிஞ்ச ஆவி மட்டும் ஏசி போட்டதும் விலகிருச்சு.

என் பயமெல்லாம் பாதயாத்திரைக்காரங்களை நினைச்சுத்தான். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவங்க குன்றக்குடிப் பக்கம் இருட்டிலேயே ரோட்டோரம் போறாங்க. எல்லார் முதுகிலும் ஒளிரும் பட்டை இருக்கிறதில்லை.

எந்தெந்த இடத்தில் பனி அதிகம்? மஞ்சள் பனிவிளக்கு இங்கே யார் நல்லா மாட்டித் தருவாங்க? இல்லை, முதல் நாளே போய்த் தங்கிடலாமா?