டொராண்டோ குளிர்காலம்: ஆபீஸ் ஷூவில் வெள்ளைக் கோடு போகவில்லை, சோலும் பிளந்துவிட்டது. என்ன வாங்கலாம்?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையிலிருந்து வந்த எனக்கு இது முதல் குளிர்காலம். வீடு ஸ்கார்பரோவில், ஆபீஸ் டவுன்டவுனில். கோ ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்து இறங்கி 15 நிமிடம் நடக்கிறேன். வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கும் வேலை, அதனால் தினமும் சூட். ஊரிலிருந்து கொண்டு வந்தது ஒரே ஒரு கறுப்பு ஆக்ஸ்ஃபோர்ட் ஷூ. கல்யாணத்துக்கு வாங்கியது, தோல் சோல்.

மூன்று வாரத்தில் மூன்று தொல்லை. முதலாவது, முன்பக்கம் முழுக்க அலை அலையாக வெள்ளைக் கோடு. பாலிஷ் போட்டால் மறைகிறது, மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் வருகிறது. அடுத்து, நனைந்த ஷூவை ராத்திரி ஹீட்டர் மேல் வைத்தேன், ஒரு வாரத்தில் வலது ஷூவின் சோல் முன்னால் வாய் திறந்துவிட்டது. கடைசியாக நேற்று, சாலையைக் கடக்க நடைபாதை சரிவாக இறங்கும் இடத்தில் கால் வழுக்கியது. பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்ததால் விழவில்லை. மனைவிக்கு இது ஏழாவது மாதம். இந்த நேரத்தில் நான் கையை காலை உடைத்துக்கொள்ள முடியாது.

பெரிய ஸ்னோ பூட்ஸோடு வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்கவும் முடியாது. 250 டாலர் வரை செலவு செய்யலாம். சூட்டுக்கும் பொருந்தி, பனிக்கும் தாங்கும்படி ஒரே ஷூ ஏதாவது இருக்கிறதா?

கொக்குவில் பெடியன்:

தம்பி, நான் ரொறன்ரோ வந்து 26 வருஷம். முதலில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்ப்போம். அது அழுக்கு இல்லை, உப்பு. ரோட்டில் ஐஸ் உருகக் கொட்டுகிற உப்பு தண்ணீரோடு சேர்ந்து தோலுக்குள் போகிறது. தோல் காயும்போது மேலே வந்து கோடாகப் படிகிறது. உப்பை எடுக்காமல் பொலிஷ் போட்டதுதான் பிழை. உள்ளே உப்பு இருக்கும் வரைக்கும் கோடு வந்துகொண்டே இருக்கும், தோலும் வறண்டு வெடிக்கும்.

வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து பழைய பனியன் துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். கோட்டை மட்டும் தேய்க்காமல் சப்பாத்து முழுவதையும் துடையுங்கள், இல்லாவிட்டால் துடைத்த இடத்தின் ஓரத்தில் புதுக் கோடு விழும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொரு தரம். தமிழ்க் கடை வாசலில் இலவசமாக வைத்திருக்கும் பேப்பரை உருட்டி உள்ளே அடையுங்கள், ஈரத்தை அது இழுக்கும். ஹீட்டர் பக்கமே போகக்கூடாது. ஒரு இரவு காய்ந்த பிறகு தோலுக்குப் பூசும் கிறீம், அதன் பிறகுதான் பொலிஷ்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே சப்பாத்து என்பதை விடுங்கள். இங்கே கந்தோருக்குப் போகிற பலர் பூட்ஸில் வந்து, மேசைக்குக் கீழே வைத்திருக்கும் சப்பாத்துக்கு மாறுகிறார்கள். யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, யூனியனிலிருந்து நிலத்துக்கு அடியில் 'பாத்' நடைபாதை போகிறது, மொத்தம் 30 கிலோமீற்றர். உங்கள் கட்டிடம் அதில் இணைந்திருந்தால் வெளியே வரவே தேவையில்லை.

ஆம்பூர் அடிக்கட்டை:

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ ஃபேக்டரியில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். சோல் பிரிந்ததற்குக் காரணம் சொல்கிறேன். பெரும்பாலான ஃபார்மல் ஷூவில் சோலைப் பசை வைத்துத்தான் ஒட்டுகிறோம். ஹீட்டர் சூட்டில் பசை இளகும், ஈரத்தோல் வேகமாகக் காய்ந்து சுருங்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் முன்பக்கம்தான் முதலில் விடும், நடக்கும்போது மடங்குகிற இடம் அதுதானே. தோல் சோல் தண்ணீரை உறிஞ்சும், ஐஸில் பிடிக்காது. அந்த ஷூ மேல் குற்றமில்லை, அதைப் பனிக்காகச் செய்யவில்லை.

அடுத்து வாங்கும்போது ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அப்பரும் (ஷூவின் மேல்தோல்) சோலும் சேரும் இடத்தில் விளிம்பு முழுக்க ஒரு தோல் பட்டை ஓடி, அதன் மேல் தையல் தெரிந்தால் அது வெல்ட் வைத்தது. சில ஷூக்களில் அழகுக்காகப் பொய்த் தையல் போட்டிருப்பார்கள். உண்மையான வெல்ட் தையல் சோலுக்கும் இறங்கும், ஆனால் ரப்பர் சோலில் அது அடியில் தெரியாமல் போகலாம். அதனால் கடையிலேயே கேட்டுவிடுங்கள். வெல்ட் ஷூவில் சோல் தேய்ந்தால் பிரித்து வேறு சோல் போடலாம்.

தோல் ஃபுல் கிரைனாக, அதாவது மேல்பரப்பைத் தேய்த்து எடுக்காத தோலாக, இருக்கட்டும். மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசிய பளபளப்புத் தோல் முதல் நாள் தண்ணீர் தாங்கும். மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடித்ததும் உப்பு உள்ளே போய்விடும், பிறகு கிரீம் தடவினாலும் இறங்காது. புள்ளி புள்ளியாகத் தடித்த கிரைன் உள்ள தோல் இன்னும் நல்லது, சின்னக் கறை கண்ணில் படாது.

ஆக்ஸ்ஃபோர்டை விட்டு டெர்பி மாடலுக்குப் போங்கள். லேஸ் கட்டும் இரண்டு இதழும் டெர்பியில் தனித்தனியாக அகலும், தடித்த சாக்ஸ் போட்டாலும் கால் இறுகாது. கணுக்கால் உயரத்தில் கறுப்பு டெர்பி பூட், ரப்பர் சோல். பேன்ட் மேலே விழுந்துவிட்டால் சூட்டோடு சாதாரண ஷூ மாதிரியே தெரியும். போட்டுப் பார்க்கக் கடைக்குப் போகும்போது அந்தத் தடித்த சாக்ஸையும் கொண்டு போங்கள். விரல் அசைய இடம் இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

பனிவிழும் மலர்வனம்:

தோல் ஷூ மேலேயே மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை கிடைக்கிறதே, அது போதாதா? நான் இரண்டு வருடமாக அதைத்தான் போடுகிறேன். பைக்குள் மடித்து வைத்துவிடலாம்.

கொக்குவில் பெடியன்:

சேறும் தண்ணீருமாகக் கிடக்கிற நாளுக்கு அது நல்லது, சப்பாத்தில் உப்புப் படாது. ஆனால் குளிரை மறிக்காது, அடிப்பக்கம் வழவழப்பான உறை என்றால் ஐஸில் சறுக்கும். தம்பியின் பயம் விழுவதைப் பற்றியல்லவா.

வைகைக்கரை:

நன்றி அண்ணா, ஆம்பூர் நண்பருக்கும் நன்றி. 'பாத்' வழியில் முக்கால் தூரம் போக முடிகிறது, வெளியே நான்கு நிமிடம்தான். கடையில் ஒரு பூட்டில் மைனஸ் 30 என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டிருந்தால் வழுக்காது என்று அர்த்தமா?

எட்மன்டன் குளிர்:

இல்லை. அந்த எண் சூட்டைப் பற்றியது, அதுவும் பெரும்பாலும் கம்பெனியே சொல்லும் கணக்கு. பிடிப்பு வேறு விஷயம். உங்கள் டொராண்டோவிலேயே 'கைட்' ஆராய்ச்சி நிலையத்தில் ஐஸ் தரையில் ஆட்களை நடக்கவிட்டு, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து பூட்ஸைச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால் மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூ, 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. 2016-ல் அவர்கள் முடிவை வெளியிட்டபோது, சோதித்த 98 பூட்ஸில் நூற்றுக்கு ஒன்பதுதான் தேறின. நீங்கள் வழுக்கிய இடமும் அப்படி ஒரு சரிவுதான். 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்ற அவர்களுடைய தளத்தில் மாடல் வாரியாகப் பார்க்கலாம்.

ஆழமான பள்ளம் வெட்டிய சோல் பனிக்குள் நன்றாகப் பிடிக்கும், வெறும் ஐஸில் அது மட்டும் போதாது. ரப்பரும் குளிரில் விறைக்காத ரகமாக இருக்க வேண்டும். வைப்ரம் ஆர்க்டிக் கிரிப் மாதிரி ஐஸுக்கென்றே செய்த சோல்கள் அந்தச் சோதனையில் நன்றாக வந்தன. அப்புறம், மைனஸ் 20-ஐவிட பூஜ்யத்தை ஒட்டிய நாளில்தான் அதிகம் வழுக்கும், ஐஸ் மேல் தண்ணீர் படலம் நிற்கும். அன்றைக்கு சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதையும் பதித்து நடங்கள்.

சாக்ஸ் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி வாங்குங்கள்.

வைகைக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வினிகர் முதல் தடவை துடைத்ததில் துணி சாம்பல் நிறமாக வந்தது. காய்ந்ததும் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடு திரும்பி வந்தது. இரண்டாவது தடவை துடைத்தபின் வரவில்லை. கிரீம் தடவியதும் தோல் குடித்த வேகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

டெர்பி பூட் வாங்கிவிட்டேன், வரியோடு 230 டாலர். அந்தத் தளத்தில் ஒரு பனிப்பூ வாங்கிய மாடல். வெல்ட் இல்லை, பசை வைத்ததுதான், என் காசுக்குப் பிடிப்பா வெல்ட்டா என்று வந்தபோது பிடிப்பை எடுத்தேன். அதே சரிவில் நேற்று இறங்கினேன், நின்றது. பழைய ஆக்ஸ்ஃபோர்டை இனி ஆபீசிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன். பிளந்த சோலை சூப்பர் க்ளூ வைத்து நானே ஒட்டிவிடலாமா?

ஆம்பூர் அடிக்கட்டை:

வேண்டாம். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நான்கு எட்டு நடந்ததும் வெடிக்கும், அதைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை. ஷூ ரிப்பேர் கடையில் கொடுங்கள். பழைய பசையைத் தேய்த்து எடுத்து, புதுப் பசை வைத்து அழுத்தித் தருவார்கள். அப்படியே தோல் சோல் மேல் மெல்லிய ரப்பர் ஷீட் ஒன்றும் ஒட்டச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு நாளாவது நன்றாகக் காயட்டும், ஈரத்தில் பசை பிடிக்காது.

வைகைக்கரை:

சரி அண்ணா. பேப்பர் அடைத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டு போகிறேன்.